கண்ணம்மாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணம்மா,

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை ஏறக்குறைய முடிந்துவிட்டது. எல்லோரும் நலம். செல்போன் செயலிகளை ஆட்கள் சுலபமாகப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் உன் வேலைக்கு உதவும் என்று நினைத்து ஒரு விஷயத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

வடக்குத் தெரு சித்தப்பா அறுப்பு மிஷினுக்குச் செல்போன் செயலியில் பதிவு செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். உச்சி வெயிலில் திரையே தெரியவில்லை, துண்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டுதான் பார்த்தார். சர்வே எண் கேட்டது. நம் நிலமெல்லாம் உட்பிரிவு ஆனதுதானே, 114/2 என்கிற மாதிரி. வந்த எண் பலகையில் அந்தச் சாய்கோடே இல்லை. தேடிப் பார்த்துவிட்டு 1142 என்று அடித்தார். ‘தவறான எண்’ என்று சொன்னதே தவிர, எங்கே தவறு என்று சொல்லவில்லை. மறுபடி அடித்தால் காய்ப்பேறிய விரல் சரியாகப் பதியவில்லை. ஓடிபியோ திருப்பூரில் ஷிப்டில் இருக்கும் அவர் பையன் நம்பருக்குப் போய்விட்டது.

எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லாத்தான் பண்ணியிருக்கானுவ அண்ணி, எனக்குத்தான் தெரியல” என்றார். எனக்கு மனசே ஆறவில்லை.

சோதனைக்கு வருகிறவரை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வோம் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். நம்மூர் ஆட்களுக்கு அது லேசில் வராது. தேடி வந்த பிள்ளை செய்த பொருளை முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். பயன்படுத்தச் சுலபமா என்று மார்க் போடச் சொல்லி 1986-ல் ஜான் புரூக் என்பவர் செய்ததாக நீ காட்டிய பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்தால் சித்தப்பா நல்ல மார்க்குதான் போடுவார். அதனால் கையைப் பார். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே பேரனைக் கூப்பிடுகிறார் என்று குறித்துக்கொள். அவர் திணறும்போது உனக்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். சொல்லாதே, பொறுத்திரு.

ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே 85 சதவீதக் குறை தெரிந்துவிடும் என்பது உங்கள் துறை நிபுணர் நீல்சன் போட்ட கணக்கு என்றாய். ஐந்து பேரும் உன் ஆபீஸ் பிள்ளைகள் மாதிரியே இருந்தால் சித்தப்பாவின் குறை எப்படித் தெரியும்? வெவ்வேறு வகை ஆட்கள் என்றால் ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேரையாவது பார்க்க வேண்டும் என்று அவரே எழுதியிருப்பதாக நீதானே சொன்னாய். அதை உன் மேலதிகாரியிடம் அழுத்திச் சொல்லு.

குறுவை அறுப்புக்கு உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா. நடவு ஆள், குத்தகைக்காரர், மிஷின் ஓட்டுகிறவர் என்று நானே பேசி வைக்கிறேன். ஒரு நாள் கூலி போகுமே, அதற்கான பணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடு. அவரவர் போனிலேயே, வயலிலேயே செய்யட்டும். தேதியை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா