வூன்ஸ்டோர்ஃபுக்கு இன்னொரு முறை போய் வா

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். உடைந்த ஜன்னல்கள், காரை உரிந்த சுவர், தனியாக நிற்கும் லெனின் சிலை. "பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃப்னு ஒரு பழைய ராணுவ முகாம்ப்பா, சும்மா போனோம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருபத்திரண்டு வருஷம் கழித்தவனுக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

ஜபல்பூர் குவார்ட்டர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? கதவு நிலையில் உன் உயரத்தைப் பென்சிலால் குறித்தோமே, அதற்குக் கீழே ஏற்கெனவே யாரோ ஒரு பிள்ளையின் கோடுகள் இருந்தன. நமக்கு முன்னால் அங்கே இருந்த குடும்பம். வூன்ஸ்டோர்ஃப் அப்படிப்பட்ட இடம்தான், ஆனால் கோடுகள் நிறைய.

ஜெர்மன் பேரரசர் கெய்சர் காலத்தில், 1910 வாக்கில், பயிற்சித் திடலாகத் தொடங்கியது. 1935இல் 5வது பான்ட்ஸர் ரெஜிமென்ட், அதாவது டாங்கிப் படை, அங்கேதான் உருவானது. 1941இல் ஜெர்மன் தளபதி ரோமலோடு வட ஆப்பிரிக்கா போன டாங்கிகளில் அவர்களுடையவையும் இருந்தன. அங்கே எதிரே நின்ற பிரிட்டிஷ் படையில் நம் 4வது இந்திய டிவிஷனும் இருந்தது.

என்னைப் பிடித்துக்கொண்டது 'செப்பலின்' என்ற பங்கர். பூமிக்கு அடியில் கட்டிய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். பக்கத்திலேயே 'மைபாக்' பங்கர்கள். மேலே இருந்து பார்த்தால் கிராமத்து வீடுகள்போலத் தெரிய வேண்டும் என்று ஓட்டுக்கூரை போட்டிருந்தார்கள். 1939 ஆகஸ்டில் ஜெர்மன் தரைப்படைத் தலைமையகம் அங்கே வந்தது. அதன்பிறகு போர்முனைகளுக்குப் போன உத்தரவுகள் அந்த எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போயின. காதில் ஹெட்போனோடு ராத்திரி டியூட்டி பார்த்தவன் நான். எந்த லைனில் என்ன போகிறது என்று ஆபரேட்டருக்குக் கொஞ்சமாவது தெரியும். அந்த போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் மனசு கனத்துப்போகிறது.

1945 ஏப்ரலில் சோவியத் படை வந்தது. 1950களிலிருந்து கிழக்கு ஜெர்மனியில் இருந்த அவர்களுடைய மொத்தப் படைக்கும் அதுதான் தலைமையகம். பள்ளிக்கூடம், கடைகள், நாடக அரங்கு எல்லாம் உள்ளேயே. தினமும் மாஸ்கோவுக்கு நேர் ரயில். வெளியே இருந்த ஜெர்மன்காரர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. 1994இல் அவர்களும் கிளம்பிவிட்டார்கள். நீ பார்த்த லெனின் அவர்கள் விட்டுப்போனவர்.

சரி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. நீ படம் எடுக்காமல் வந்த இடம் ஒன்று இருக்கிறது.

முதல் உலகப்போரில் அங்கே 'ஹால்ப்மோண்ட்லாகர்', அதாவது பிறை முகாம் என்று ஒரு கைதி முகாம் இருந்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம் வீரர்களையும், நம் சீக்கியர்கள், கூர்க்காக்கள், மற்ற இந்தியர்களையும் அங்கே வைத்தார்கள். அவர்களைப் பிரிட்டிஷாருக்கு எதிராகத் திருப்ப வேண்டும் என்பது ஜெர்மானியர் கணக்கு. அதற்காகவே 1915இல் மரத்தால் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்று எழுந்த முதல் பள்ளிவாசல் அதுதான். இப்போது மோஷே ஸ்ட்ராஸே (பள்ளிவாசல் தெரு) என்ற தெருப்பெயர் மட்டும் மிச்சம். நம் செண்பகராமன் பிள்ளை இருந்த, இந்திய விடுதலைக்காக இயங்கிய பெர்லின் கமிட்டியும் இந்தக் கைதிகளிடம் பிரசாரம் செய்தது. கைதிகளுக்கென்று ஹிந்தியிலும் உருதுவிலும் 'ஹிந்தோஸ்தான்' என்ற பத்திரிகை வந்தது.

அப்புறம், ஜெர்மன் அறிஞர்கள் கிராமபோனோடு வந்து கைதிகளின் குரலைப் பதிந்தார்கள். மொழி ஆராய்ச்சிக்காக. 1916 டிசம்பர் 11ஆம் தேதி மால் சிங் என்ற பஞ்சாபி சிப்பாய் அந்தக் குழலுக்கு முன் நின்றார். தன்னைப் பற்றி "நான்" என்று சொல்லாமல், யாரோ ஓர் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். இந்துஸ்தானத்தில் வெண்ணெயும் பாலும் சாப்பிட்டு இருந்த ஓர் ஆள் இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் சேர்ந்தான், ஜெர்மன்காரன் பிடித்துவிட்டான், அவனுக்கு ஊர் திரும்ப வேண்டும், திரும்பினால்தான் அந்தச் சாப்பாடு கிடைக்கும் என்று. அந்தக் குரலைப் பதிந்த இசைத்தட்டு இப்போதும் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது. படித்துவிட்டு நான் எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். லடாக்கிலிருந்து நான் உங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களிலும் பாதிக்கு மேல் சாப்பாடுதான்.

பல பேர் காசநோயில் போனார்கள். குளிர் தாங்காது என்று 1917இல் மிச்சமிருந்த பெரும்பாலான இந்தியர்களை ருமேனியாவுக்கு அனுப்பினார்கள். முகாமில் இறந்தவர்களின் கல்லறை வூன்ஸ்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஸேரன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் இருக்கிறது. 206 இந்தியர்கள். சோவியத் காலத்தில் அது பயிற்சித் திடலுக்குள் மாட்டிக்கொண்டு பாழாகிக் கிடந்தது. பிறகு சீர்செய்து 2005இல் மறுபடி அர்ப்பணித்தார்கள்.

அங்கே ஒரு முறை போய் வா, கண்ணு. பூ கிடைத்தால் வாங்கிக்கொள். பெயர்களை வாய்விட்டுப் படி, உச்சரிப்பு தப்பினாலும் பரவாயில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் எனக்கு ஒரு வீடியோ கால் போடு. மீதி வழியை நாம் சேர்ந்தே நடக்கலாம்.

அன்புடன்,
அப்பா