ஸ்டூல் இருக்கு, உக்காரத்தான் முடியல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 14 வருஷமா ஜவுளிக்கடை சேலை செக்‌ஷன்ல நிக்கிறேன், ராத்திரி வீட்டுக்கு வந்து கொலுசக் கழட்டுனா அந்தத் தடம் அப்படியே கால்ல பள்ளமா பதிஞ்சு கெடக்கும், கெண்டைக்கால்ல பச்சையா மண்புழு மாதிரி சுருண்டு புடைச்சு நிக்குது. நரம்புக் கோளாறுன்னு நெனச்சு எண்ணெய் தேச்சே ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுத்தப்பதான் டாக்டர் சொன்னாரு, இது நரம்பே இல்லம்மா, ரத்தக்குழாய், மேல போற ரத்தம் திரும்ப கீழ எறங்காம தடுக்குற வால்வு பழுதாயிருச்சு, நடந்தா கெண்டைக்கால் சதை ரத்தத்த மேல தள்ளும், நீங்க ஒரே எடத்துல நிக்கிறீங்கன்னு. இப்போ காலைல எந்திரிச்சதும், வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், ராத்திரி காலுக்கு ரெண்டு தலகாணி. முத்திட்டா அந்த ரத்தக்குழாய லேசர்ல அடைக்கலாமாம். ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா தேய்க்கவே கூடாது, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கடை ஊழியர் உக்கார சீட் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் வந்தாச்சு, கேரளாவுல 2018லயே. எங்க கடையிலயும் ஸ்டூல் வாங்கிப் போட்டாங்க. அதுமேல பிளவுஸ் பிட்டு அடுக்கி வெச்சிருக்கு.

- ஒரு வாசகி, திருச்சி