மூன்றாம் நம்பர் மோட்டார் எங்கே போனது?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நகராட்சியின் 14 நீரேற்று நிலையங்களுக்கும் பராமரிப்பு மென்பொருள் கொண்டுவரும் பொறுப்பை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எதை வாங்கலாம் என்பது உன் கேள்வி. மாக்சிமோ மாதிரி பெரியதோ, ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி திறமூலமோ, உள்ளே போகிற பட்டியல் கோணலாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான். அதனால் பட்டியலைப் பற்றியே எழுதுகிறேன்.

வழக்கமாக ‘மூன்றாம் நம்பர் மோட்டார்’ என்று ஒரே பதிவாகப் போட்டுவிடுவார்கள். அது எரிந்து, சுருளைப் புதிதாகச் சுற்ற ரீவைண்டிங்குக்குப் போகும். மாற்றாக வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை மோட்டாரைத் தூக்கி அங்கே மாட்டுவார்கள். ரீவைண்டிங் முடிந்து வந்தது வேறு நிலையத்துக்குப் போய்விடும். இரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் மூன்று மோட்டார்களின் வரலாறு ஒரே பெயரில் கலந்து கிடக்கும். ஆகவே மோட்டார் உட்காரும் மேடைக்கு ஓர் எண், எந்திரத்துக்குத் தனி எண். மேடை எண் நகரவே நகராது. எந்திர எண் மோட்டாரோடு ஊர் சுற்றும். எத்தனை முறை ரீவைண்ட் ஆனது என்ற கணக்கு எந்திர எண்ணில் இருக்கட்டும்; புது மோட்டாருக்குக் கோப்பு எழுதும்போது அதுதான் சாட்சி.

எவ்வளவு ஆழம் போவது? தனியாகக் கழற்றி மாற்றுகிற பொருளோடு நிறுத்திக்கொள். ஒரு செட்டுக்கு பம்ப், மோட்டார், ஸ்டார்ட்டர் பேனல், சக்ஷன் வால்வு, டெலிவரி வால்வு, என்.ஆர்.வி. (நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) என்று ஆறு. மூன்று செட்டுக்குப் பதினெட்டு. டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர் பேனல், குளோரினேட்டர், ஃப்ளோ மீட்டர், பளு தூக்கும் செயின் பிளாக் என்று சேர்த்தால் நிலையத்துக்கு 25க்குள் அடங்கும். பேரிங்கும் கப்ளிங் புஷ்ஷும் ஸ்டோர் பட்டியலில் இருந்தால் போதும். கியூஆர் ஸ்டிக்கர் வெயிலிலும் எண்ணெய்யிலும் வெளுத்துவிடும். அலுமினியத் தகட்டில் பொறித்து ரிவெட் அடி. கப்ளிங்கை மூடும் கார்டிலும் டெர்மினல் பாக்ஸ் மூடியிலும் அடித்துவிடாதே. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போவது நம் பம்ப் ஹவுஸ்களில் தினசரி நடப்பு.

அடுத்தது கிரீஸ். எல்லா மோட்டாருக்கும் ‘மாதம் ஒருமுறை’ என்று போட்டால் 600 மணி நேரம் ஓடியதற்கும் 100 மணி நேரமே ஓடிய ஸ்டாண்ட்பைக்கும் ஒரே அளவு போகும். ஸ்டாண்ட்பையில் கிரீஸ் மிஞ்சி பேரிங் சூடாகும், பேரிங்கின் அடைப்பான சீலைத் தாண்டி மோட்டார் சுருள்வரை போகும். ஹவர் மீட்டர் கணக்கில் போடு. வாரம் ஒருமுறை மீட்டர் அளவைப் பதிவதையும் ஒரு வேலையாக வை, இல்லாவிட்டால் மென்பொருளுக்கு மணிக்கணக்கே தெரியாது. அளவுக்கு ஒரு சூத்திரம் உண்டு: பேரிங்கின் வெளிவிட்டம் × அகலம் × 0.005, மில்லிமீட்டரில் போட்டால் கிராமில் வரும். 6316 பேரிங்குக்கு 170 × 39 × 0.005, சுமார் 33 கிராம். ஃபிட்டரிடம் கிராம் பேசிப் பயனில்லை. கிரீஸ் கன்னைத் தராசில் பத்து முறை அழுத்திப் பார். ஒரு அழுத்துக்கு 1.5 கிராம் வந்தால் வேலைச்சீட்டில் ‘22 அழுத்து’ என்று எழுது. கிரீஸின் வகையையும் எழுது. லித்தியம் இருக்கும் பேரிங்கில் பாலியூரியாவைக் கலந்தால் இரண்டும் இளகி வழிந்துவிடலாம்.

பம்பின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிளாண்டுக்கான சீட்டிலும் கவனம். ‘கசிவை நிறுத்து’ என்று எழுதினால் ஃபிட்டர் நட்டை இறுக்கி உண்மையிலேயே நிறுத்திவிடுவார். நீர் இல்லாமல் உரசி ஷாஃப்டின் மேலுறையான ஸ்லீவ் தேய்ந்து பள்ளம் விழும். ‘நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விடவும், பேக்கிங் வளையங்களின் வெட்டுவாய் 90 டிகிரி தள்ளி வரவும்’ என்று எழுது.

இனிமேல் சொல்வதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். விற்பவர்கள் பழுதுக் காரணம் என்று 150 குறியீடு தருவார்கள். இரவு ஷிப்டில் கையெல்லாம் எண்ணெய்யோடு நிற்கிறவர் முதலில் தெரிவதையோ ‘மற்றவை’யையோ தொட்டுவிட்டுப் போவார். மூன்று கேள்வி போதும்: என்ன ஆனது, எந்தப் பாகம், ஏன். ஒவ்வொன்றுக்கும் எட்டு பத்து விடை. சுமை மிஞ்சி மோட்டார் தானாக நிற்கிற ஓவர்லோடு டிரிப்புக்கு மட்டும் ஆம்பியர், மூன்று ஃபேஸ் வோல்டேஜ், டெலிவரி பிரஷர் மூன்றையும் எழுதாமல் சீட்டு மூடாதபடி செய். டிரிப் ஆகும் முன் கடைசியாகப் பார்த்த அளவோ, மறுபடி ஓட்டும்போது கிடைத்த அளவோ போதும். நீரேற்றும் பெரிய குழாயான பம்பிங் மெயின் எங்காவது உடைந்தால் ஹெட் (பம்ப் எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தம்) குறைந்து, நீர் அதிகம் ஓடி, சென்ட்ரிஃபியூகல் பம்ப் கூடுதல் கரண்ட் இழுத்து டிரிப் ஆகும். சீட்டில் ‘மோட்டார் பழுது’ என்று மட்டும் இருந்தால் நல்ல மோட்டாரை மூன்று முறை பிரித்து மாட்டுவார்கள், குழாய் உடைந்தபடியே கிடக்கும். பிரஷர் எண் இருந்தால் மேசையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

பொருளுக்கு ஒரு சீட்டு என்று போகாதே. நிலையம் ஒன்றுக்கு 25 பொருள் என்றால் 350 பொருள்; வாரச் சோதனை 15 நிமிடம் என்றாலும் மாதத்துக்கு 350 மணி நேரம். உன்னிடம் இருப்பது நாலு ஃபிட்டர். அவர்கள் 30ஆம் தேதி சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக மூடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நிலையத்துக்கு ஒரே சுற்றுச் சீட்டு வை. மூடிய நேரத்தை அவ்வப்போது பார். ஐந்து நிமிடத்தில் நாற்பது சீட்டு மூடியிருந்தால் புரிந்துகொள். கிரீஸ், கிளாண்டு போன்றவற்றுக்கு அடுத்த கெடு வேலை முடிந்ததிலிருந்து எண்ணப்பட வேண்டும். தொட்டி கழுவுதல், செயின் பிளாக் சோதனை போன்றவை காலண்டர் தேதியிலேயே நிற்கட்டும்.

ஸ்டோரில் ‘பேரிங் 6316’, ‘6316 பால் பேரிங்’, ‘80×170×39’ என்று ஒரே பொருள் மூன்று பெயரில் நுழையும். முதல் நாளே ஒருவரிடம் மட்டும் புதுப் பெயர் சேர்க்கும் அதிகாரம் கொடு.

டெண்டரில் இரண்டு வரி மறக்காதே: ஆற்றுக்குள் இருக்கும் கிணறுகளில் சிக்னல் இருக்காது, ஆகவே ஆப் நெட் இல்லாமலும் பதிய வேண்டும், ஒப்பந்தம் முடியும் நாளில் முழு வரலாறும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக நம் கைக்கு வர வேண்டும்.

கையால் எழுதும் லாக் புத்தகத்தை ஒரு வருடமாவது தொடரச் சொல். இப்போதைக்கு ஒரே ஒரு நிலையத்தின் பட்டியலை எழுதி அனுப்பு, எண் போடும் முன் பார்த்துத் தருகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்