பேட்டரியை மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், மண்டபம் முதல் தொண்டி வரையுள்ள கடலோர ஊர்களில் பழைய கார்கள் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்வது வழக்கம். உடனே, குளிரில் பேட்டரி போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிப் புது பேட்டரியை உரிமையாளரின் தலையில் கட்டிவிடுவதும் வழக்கமாகி வருகிறது.

பனி உறையும் நாடுகளில் குளிரைக் குறை சொல்லலாம். வெப்பம் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும்போது பேட்டரியின் திறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். நம் கடற்கரையிலோ மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இருபுறமும் வீசும் உப்புக்காற்றும், அதன்மேல் இறங்கும் பனி ஈரமும்தான் இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியவை. பேட்டரியே பழுதாகியிருந்தாலும், அதன் தகடுகளை அரித்தது பெரும்பாலும் சித்திரை, வைகாசி வெயிலாகவே இருக்கும்.

சாவியைத் திருப்பியதும் காதைக் கொடுத்துக் கேட்டாலே பாதி விவரம் தெரிந்துவிடும். எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது. இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். நிறைந்த பேட்டரி இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அப்போது மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மின்சாரம் எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் இடையிலேயே வீணாகிறது என்று பொருள். பேட்டரியின் நெகட்டிவ் முனையை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் துரு ஏறியிருக்கும். உறையைச் சிறிது கீறினால் உள்ளே செம்புக் கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ கிடக்கும். வெளியே பார்க்க வயர் புதிதுபோலவே இருப்பதால்தான் பலரும் இதில் ஏமாறுகிறார்கள். இதை மாற்றும் செலவு புது பேட்டரியின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் வழி வேறு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பெட்ரோல் வண்டிகளில் அதன் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். பிளக் வயர்களில் கசிவு இருந்தால், இருட்டில் பானெட்டைத் திறந்து செல்ஃப் அடிக்கும்போது நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கார்புரேட்டர் வண்டியில், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைச் செறிவாக்கும் சோக்கை முழுவதும் இழுக்க வேண்டும்; ஆண்டின் பெரும்பகுதி தேவைப்படாத அந்தக் குமிழ் இருப்பதையே நம்மில் பலர் மறந்திருப்போம். ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள டீசல் வண்டிகளில் ஓரிரு பிளக்குகள் கருகியிருந்தாலும் கோடையில் தெரியாது. மார்கழிக் காலையில்தான் வெள்ளைப் புகை கக்கிக் காட்டிக்கொடுக்கும். கைப்பம்பை அடித்த பிறகே எஞ்சின் பிடிக்கிறது என்றால் டீசல் குழாயில் காற்று புகுகிறது.

கடலோரப் பணிமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். பேட்டரியை மாற்றச் சொல்லும் முன், மேற்சொன்ன இரண்டு அளவுகளையும் வாடிக்கையாளரின் கண்ணெதிரே எடுத்துப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். உரிமையாளர்களும் அந்த அளவுகளைக் கேட்டு வாங்கிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.