ஆய்த எழுத்தை அதன் சொந்தச் சொற்களைக் கொண்டு கற்பியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த எழுத்து அட்டவணையில், உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் அடுத்து ஆய்த எழுத்தை அச்சிட்டு, அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு மின்விசிறியின் படத்தையும் அதன் கீழே ‘ஃபேன்’ என்னும் சொல்லையும் கொடுத்திருந்தீர்கள். ஆங்கிலத்தின் ‘எஃப்’ ஒலியை எழுத உதவும் எழுத்து என்று ஒரு விளக்கமும் அருகில் இருந்தது. பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்துக்கொள்ளும் பகுதி அது. ஆகவே, அந்த விளக்கம் அவர்கள் மனத்தில் நிலைத்துவிடும் முன்பே சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ் எழுத்துகள் 247 என்று எண்ணும்போது உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 போகத் தனியே நிற்கும் ஒன்று ஆய்தம். தொல்காப்பியர் இதைக் குற்றியலிகரம், குற்றியலுகரம் ஆகியவற்றோடு சேர்த்து, பிற எழுத்துகளைச் சார்ந்தே வரும் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாக வைத்தார். ‘முப்பாற்புள்ளி’ என அதன் வடிவத்தையும் சுட்டினார். அது எங்கே வரும் என்பதற்கு அவர் வகுத்த விதி மிகத் தெளிவானது. ‘குற்றியதன் முன்னர் ஆய்தப் புள்ளி உயிரொடு புணர்ந்த வல்லாறன் மிசைத்தே’ என்றார். அதாவது, ஆய்தத்துக்கு முன்னால் ஒரு குற்றெழுத்து நிற்கவேண்டும். பின்னால் உயிரேறிய வல்லெழுத்து ஒன்று நிற்கவேண்டும். எஃகு, அஃது, இஃது, கஃசு, பஃறி, வெஃகாமை என்று எந்தச் சொல்லை எடுத்துப் பார்த்தாலும் இந்த அமைப்பு மாறாது. இந்த விதிப்படி சொல்லின் முதலில் ஆய்தத்துக்கு இடமே இல்லை. அப்படியிருக்க, நாம் பிள்ளைகளுக்குக் காட்டிய முதல் எடுத்துக்காட்டே ஆய்தத்தில் தொடங்கும் சொல்லாக அமைந்துவிட்டது.

ஒலியைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘எஃப்’ ஒலி கீழுதடும் மேற்பல்லும் பொருந்திப் பிறப்பது. ஆய்தத்துக்கு இதழோடு தொடர்பே இல்லை. ‘ஆய்தக் கிடந்தலை அங்கா முயற்சி’ என்று நன்னூல் அதன் பிறப்பைக் கூறுகிறது. வாயைத் திறந்த நிலையில் மூச்சை மெல்ல உரசவிட்டுப் பிறப்பிக்கும் அரை மாத்திரை ஒலி அது. ‘எஃகு’ என்பதை ‘எக்கு’ என்று வன்மையாகவும் சொல்லாமல், ‘எகு’ என்று அதை விட்டுவிடாமலும், இடையில் ஒரு மூச்சைக் கேட்கச் செய்து சொன்னால் அந்த ஒலி தானே வரும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலர் ‘அஃது’ என்பதை ‘அஃப்து’ என்று படிக்க நானே கேட்டிருக்கிறேன். அது அவர்கள் குற்றமன்று. ஃபேனிலும் ஃபோனிலும் மட்டுமே அந்த எழுத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படிப் படிப்பார்கள்?

இந்த எழுத்து தமிழில் செய்துவந்த வேலைகளில் முதன்மையானது புணர்ச்சியில், அதாவது இரு சொற்கள் சேரும் இடத்தில், உள்ளது. தனிக்குறிலை அடுத்து நிற்கும் லகர மெய்யும் ளகர மெய்யும் தகரத்தோடு சேரும்போது ஆய்தமாகத் திரிவதுண்டு. அல் என்பதோடு திணை சேர்ந்து அஃறிணை ஆனது இப்படித்தான். கல்லும் தீதும் கஃறீது ஆயின. முள்ளும் தீதும் முஃடீது ஆயின. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் பாடும் பஃறுளி ஆறும் பல், துளி என்னும் இரு சொற்களின் சேர்க்கையே. அஃறிணை என்னும் சொல்லை நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குள் நூறு முறையாவது எழுதிவிடுகிறார்கள். அதில் இருக்கும் மூன்று புள்ளி எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஓசையைக் காட்டவும் நிறத்தைக் காட்டவும் ஆய்தம் பயன்பட்டது என்பதை இன்று பலரும் அறியார். ‘உருவினும் இசையினும் அருகித் தோன்றும்’ குறிப்புச் சொற்களில் அது வரும் என்கிறது தொல்காப்பியம். ‘சுஃறென்னும் தண்டோட்டுப் பெண்ணை’ என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். பனையோலையில் காற்று உரசிச் செல்லும் அந்தச் சரசரப்பை எழுத்தில் பிடிக்க இதைவிடப் பொருத்தமான எழுத்து நம்மிடம் இல்லை.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது திருக்குறளில் இதன் ஆட்சி. ‘வெஃகாமை’ (பிறர் பொருளை விரும்பாமை) என்று ஓர் அதிகாரத்தின் பெயரிலேயே ஆய்தம் இருக்கிறது. ‘அஃகாமை செல்வத்திற்கு யாதெனின் வெஃகாமை’ என்று ஒரே அடியில் இரு முறை வருகிறது. இவற்றைவிட நுட்பமான ஓரிடத்தை வாசகர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ‘அறனெனப் பட்டதே இல்வாழ்க்கை அஃதும்’ என்னும் 49ஆம் குறளில் ‘இல்வாழ்க்கை’ காய்ச்சீர், அதாவது நேரசையில் முடியும் மூவசைச் சீர். வெண்பாவில் அதை அடுத்து நேரசை (தனிக் குறிலோ நெடிலோ, தனித்தோ மெய்யடுத்தோ நிற்பது) வரவேண்டும். ஆய்தத்தை ஒற்றாக, அதாவது மெய்யாக, கொண்டால் ‘அஃ’ நேரசையாகித் தளை (சீரும் சீரும் இணையும் முறை) சரியாக நிற்கிறது. ‘அற்றால் அளவறிந் துண்க அஃதுடம்பு’ என்னும் 943ஆம் குறளிலோ ‘துண்க’ மாச்சீர், அதாவது நேரசையில் முடியும் ஈரசைச் சீர். அதை அடுத்து நிரையசை (இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து நிற்பது) வரவேண்டும். இங்கே ஆய்தத்தை ஒற்றாகக் கொண்டால் தளை தட்டும். குற்றெழுத்தைப்போல் அலகு கொடுத்து எண்ணினால் ‘அஃ’ நிரையசையாகிவிடும். ஒரே சொல்லில், ஒரே எழுத்து, ஓரிடத்தில் மெய்யாகவும் மற்றோரிடத்தில் உயிராகவும் நடந்துகொள்கிறது. உயிரும் ஆகாமல் மெய்யும் ஆகாமல் இலக்கணிகள் இதைத் தனியே நிறுத்தியதன் காரணம் இங்கே கண்முன் தெரிகிறது.

பேச்சு வழக்கில் ஆய்தம் குறைந்துவிட்டது என்பது உண்மையே. இருபஃது இன்று இருபது ஆகிவிட்டது. அருள்நந்தி சிவாசாரியாரின் ‘இருபா இருபஃது’ போன்ற நூற்பெயர்களில்தான் பழைய வடிவம் எஞ்சியிருக்கிறது. ஆனால் எஃகும் அஃறிணையும் இன்றும் நாளிதழ்களில் வருகின்றன. உயிர்முதற்சொல் வரும்போது ‘அஃது’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள்.

பகரத்தின் முன் ஆய்தத்தை இட்டுப் பிறமொழி ஒலியை எழுதும் வழக்கை அடியோடு விட்டுவிடவேண்டும் என்பது என் வாதமன்று. மூச்சொலியைப் பகரத்தின்மேல் ஏற்றிக் காட்டும் அந்த உத்தியை அமைத்தவர்கள் ஆராய்ந்தே அமைத்திருக்கிறார்கள்; பிறநாட்டு ஆட்பெயர்களை எழுத அது தேவைப்படுகிறது. ஆனால் பிரான்ஸையும் ஆப்பிரிக்காவையும் நெடுங்காலமாக ஆய்தமின்றி எழுதிவருகிறோம். எவருக்கும் குழப்பம் நேரவில்லை. ஒரே நாளிதழில் முதற்பக்கத்தில் ‘ஃபின்லாந்து’ என்றும் விளையாட்டுப் பக்கத்தில் ‘பின்லாந்து’ என்றும் வருவதுதான் குழப்பம். அகரவரிசையில் முதல் வடிவம் ஔகாரத்தை அடுத்தும், இரண்டாம் வடிவம் பகரத்திலும் போய் அமரும். தேடுவோர் ஒன்றைக் கண்டு மற்றொன்றைத் தவறவிடுவர். ‘ஃபீஸ்’ என்று எழுதும் இடத்தில் ‘கட்டணம்’ என்று எழுதிவிட்டால் ஆய்தம் தேவைப்படாது.

கணினி உலகிலும் இந்த எழுத்துக்கு ஒரு தவறான அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யூனிகோடு குறியேற்றத்தில் இதற்கு இடப்பட்ட பெயர் ‘தமிழ் விசர்க்கக் குறி’ என்பதாகும். வடமொழியில் மூச்சொலியைக் குறிக்கும் விசர்க்கம் சொல்லின் இறுதியிலும் வரும். ஆய்தமோ இறுதியில் வராது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அக்குறியேற்றத்தின் விதி என்பதால் இனி அதைத் திருத்த வழியில்லை. நம் கையில் உள்ள அட்டவணையையாவது திருத்திக்கொள்ளலாம்.

எனவே, அடுத்த மாணவர் பகுதியில் ஆய்தத்துக்கு எஃகுப் பாத்திரம் ஒன்றின் படத்தை வெளியிட்டு ‘எஃகு’ என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அதனருகில் அஃது, அஃறிணை, வெஃகாமை ஆகிய சொற்களைக் கொடுத்து, ஆய்தத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் எழுத்துகளைக் கவனிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் போதும். விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பகரத்தோடு சேர்த்து எழுதும் புதிய வழக்கை அதன் பிறகு, தனியே, பிறமொழிப் பெயர்களுக்கான உத்தி என்ற குறிப்போடு சொல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர்.