ரத்தசோகை என்றே விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ஓயாத அசதி, மூச்சு வாங்கல். 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று நாங்களே சொன்னோம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள். அப்புறம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்த பிரஷ் முழுக்க ரத்தம். காலில் கடுகு கடுகாய்ச் சிவப்புப் புள்ளிகள். அணுக்களை எண்ணி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததுமே தீவிர ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகித்தார்கள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை உறுதி செய்தது. அதைக் கர்ப்பிணிக்கும் செய்யலாம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

'பிள்ளை பிறக்கட்டும், பிறகு மருந்து' என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். இந்த நோய் அத்தனை நாள் பொறுக்காது. முதல் மூன்று மாதங்களில் கீமோதெரபி கருவின் உறுப்புகளைப் பாதிக்கலாம். அதற்குப் பிறகு டானோரூபிசின், சைட்டராபின் போன்ற மருந்துகளைக் கண்காணிப்போடு கொடுக்கிறார்கள். குறைப்பிரசவம், எடைக்குறைவு போன்ற ஆபத்துகள் உண்டுதான். ஆனால் தாமதம் தாயின் உயிருக்கே ஆபத்து.

மாத்திரைக்கும் தீராத ரத்தசோகை, ஈறில் ரத்தம், விடாத காய்ச்சல் உள்ள கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், வெள்ளணு, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் உடனே பார்க்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி