குட்டிக்கு இந்த ஊர் சரிப்படுமா?

கொலம்பஸ், இண்டியானா
அக்டோபர் 12, ஞாயிறு

அன்புத் தோழிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். உன் மகள் குட்டிக்கு எங்கள் ஊர் இஞ்சின் கம்பெனியில் ஒரு வேலை, டெக்சாஸில் இருக்கும் டாலஸில் ஒரு வேலை, இரண்டில் எதற்குப் போகச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். "நீதான் பதினேழு வருஷமாக அங்கே இருக்கிறாயே, நீ சொன்னால் சரி" என்று வேறு சொல்லிவிட்டாய். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பயமுறுத்திவிட்டது. பெண் பிள்ளையின் வாழ்க்கை. போனில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட மனம் வரவில்லை. அதனால் இன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கொலம்பஸ் என்றதும் உன் வீட்டுக்காரர் ஒஹையோவில் இருக்கும் பெரிய ஊரைக் கூகிளில் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அது வேறு. எங்கள் கொலம்பஸில் மொத்தமே ஐம்பதாயிரம் பேர். மேட்டுப்பாளையத்தைவிடச் சின்னது. வடக்கே இண்டியானாபொலிஸ் காரில் ஒரு மணி நேரத்துக்குள், தெற்கே லூயிவில் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் சோளக்காடும் சோயாக்காடும்தான்.

நான் வந்த வருஷத்தைப் பற்றி உனக்கு முழுசாகச் சொன்னதே இல்லை. 2008 மார்ச்சில் வந்தேன், நாலு மாதக் கர்ப்பிணி. ஜூன் 7, சனிக்கிழமை. காலையிலிருந்து ஊற்றிய மழையில் ஹா கிரீக் என்ற ஓடை பெருகிவிட்டது. சாதாரண நாளில் அதற்குள் பிள்ளைகள் நடந்து விளையாடுவார்கள், அவ்வளவு சின்ன ஓடை. அதை ஒட்டித்தான் ஊர் ஆஸ்பத்திரி. அடித்தளம் முழுக்கத் தண்ணீர் நிறைந்து, கரண்ட் போய், 157 நோயாளிகளை வெளியேற்றினார்கள். எனக்குப் பிரசவம் பார்க்க வேண்டிய ஆஸ்பத்திரி அது. அக்டோபர் கடைசி வரை முழுசாகத் திறக்கவில்லை.

எங்கள் அபார்ட்மெண்ட் தரைத்தளம். முழங்கால் அளவு தண்ணீரில் இவர் ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வழியில் என் செருப்பு தண்ணீரோடு போய்விட்டது. அன்றைக்கு எங்களைத் தங்க வைத்த இடத்தில், வெறுங்காலோடு நான் நிற்பதைப் பார்த்த ஒரு வயதான அம்மா, ஒன்றும் கேட்காமல் குனிந்து தன் ஷூவைக் கழற்றி என் காலடியில் வைத்தார். தன் காலுக்கு வெறும் சாக்ஸ்தான். எனக்கு இரண்டு சைஸ் பெரிசு அந்த ஷூ. லேஸ் ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். என் இங்கிலீஷ் அன்றைக்கு என்ன நிலையில் இருந்தது என்று உனக்குத் தெரியும். "தேங்க் யூ"கூட ஒழுங்காக வரவில்லை, அழுதுவிட்டேன். அவர் யார் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. ஷூ மட்டும் இருக்கிறது. கடைசியில் பையன் இண்டியானாபொலிஸில் பிறந்தான்.

இதைச் சொல்லிவிட்டால் ஊர் தங்கம் என்று நீ முடிவு கட்டிவிடுவாய். அதனால் அப்புறம் நடந்ததையும் கேள்.

அதற்கடுத்த ஏழு வருஷம் நான் வீட்டில். இவருடைய விசாவைச் சார்ந்து வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. 2015-இல்தான் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது, க்ரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டம் தாண்டியவர்களின் மனைவிகள் வேலைக்குப் போகலாம் என்று. அதுவரை கார் ஓட்டவும் கற்றுக்கொள்ளவில்லை. இங்கே கார் இல்லாதவளுக்குக் கால் இல்லை என்றுதான் அர்த்தம். டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. டிசம்பர் மாதத்தில் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், சாயங்காலம் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். இவர் இருட்டில் போய் இருட்டில் வருவார். நடுவில் நானும் கைக்குழந்தையும். ஜன்னல் வழியாக ஒரு மனித முகம் தெரிந்தால் போதும் என்று நின்றிருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது நூலகம். ஐ. எம். பெய் கட்டிய செங்கல் கட்டடம், 1969-இல் திறந்தது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அந்தக் கண்ணாடிப் பிரமிடு கட்டினாரே, அதே பெய்தான். வாசலில் ஹென்ரி மூர் செய்த வெண்கல வளைவு ஒன்று, இருபது அடி உயரம், பச்சையேறிப் போய் ஏதோ பெரிய மிருகத்தின் எலும்பு மாதிரி நிற்கும். என் பையன் அதைப் பிடித்துக்கொண்டுதான் முதலில் எழுந்து நின்றான். உள்ளே போனால் ஹீட்டர் இருக்கும், யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். கார்டு எழுதித் தந்த பெண், இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்கள் அப்பா எப்போதும் உங்கள் பெயருக்கு முன்னால் நடக்கிறார்" என்றார். அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு அதைச் சொன்னேன்.

நூலகம் மட்டுமில்லை. இவ்வளவு சின்ன ஊரில் பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், தேவாலயம் எல்லாம் உலகப் புகழ் பெற்றவர்கள் வரைந்தவை. இந்தக் கதை எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். 1919-இல் இங்கே கம்மின்ஸ் இஞ்சின் கம்பெனி தொடங்கியது. பின்னாளில் அதை நடத்திய ஜே. இர்வின் மில்லர், இந்தச் சோளக்காட்டு ஊருக்கு நல்ல இஞ்சினியர்கள் குடும்பத்தோடு வரவேண்டுமானால் ஊர் நன்றாக இருக்க வேண்டும், முதலில் பள்ளிக்கூடம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1950-களில் ஊருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். நாங்கள் தரும் பட்டியலிலிருந்து நல்ல கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய கட்டணத்தைக் கம்பெனியின் அறக்கட்டளை கொடுக்கும் என்று. ஹாரி வீஸ் வரைந்த ஆரம்பப் பள்ளி 1957-இல் வந்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. யோசித்துப் பார். நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு ஊர் தன்னைத் தயார் செய்துகொண்டிருக்கிறது, நாம் பிறப்பதற்கு முன்னாலேயே. நம் பிள்ளைகள் அதில் போய் உட்கார்ந்து படிக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் இப்படி நினைப்பதில்லை. உன் மெசேஜ் வந்த பிறகு இந்த வாரம் நாலைந்து பேரிடம் வேண்டுமென்றே கேட்டேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தா இஞ்சின் ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து கட்டடத்தைப் போட்டோ எடுக்கிறார்கள். தட்டைக் கூரை ஒழுகினால் வாளி வைப்பது நாங்கள்" என்றார். வீட்டு வரியும் வாடகையும் ஏறிக்கொண்டே போகிறது, தன் பேரன் இந்த ஊரில் ஒரு வீடு வாங்க முடியாது என்பது அவருடைய வருத்தம். விலை ஏறுவது எங்களைப் போன்றவர்களால்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் நிறுத்தினார் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. இதே மனுஷன்தான் ஒவ்வொரு பனிக்காலத்திலும், நாங்கள் எழுந்திருப்பதற்குள், தன் வாசலோடு சேர்த்து எங்கள் வாசல் பனியையும் அள்ளிப் போட்டிருப்பார்.

என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் இங்கேயே பிறந்தவர். பதினெட்டு வயதில், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சிகாகோவுக்குப் போனவராம். இரண்டு பிள்ளைகள் ஆனதும் திரும்பி வந்துவிட்டார். "இங்கே பெட்ரோல் போடப் போனால்கூட என் அம்மாவைத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அப்போது அதற்குப் பயந்துதான் ஓடினேன். இப்போது அதற்காகத்தான் வந்தேன்" என்றார். வடக்குத் தேவாலயத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிட்டது. ஈரோ சாரினென் வரைந்தது, 1964-இல் கட்டி முடித்தது, கூரையிலிருந்து ஊசி மாதிரி 192 அடிக்கு மேலே போகும். வந்து கும்பிட ஆள் குறைந்துகொண்டே போய் 2022-இல் சபையே கலைந்துவிட்டது. கட்டடம் இப்போது நூலகத்தின் பொறுப்பில். அவருக்குக் கல்யாணம் நடந்தது அங்கேதான்.

அடுத்தது, உனக்கு மிகவும் தேவையான ஆள். இவருடைய ஆபீஸில் சேர்ந்து இரண்டு வருஷமான மதுரைப் பையன், கல்யாணம் ஆகவில்லை. "அக்கா, வேலை அருமை. நான் டிசைன் பண்ணின பார்ட்டை அடுத்த கட்டடத்தில் இஞ்சினில் மாட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள், இது வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஊர் தூங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஆனால் இண்டியானாபொலிஸுக்கு வண்டியை எடுத்துவிடுவேன்" என்கிறான். அவன் வயதில் பேச்சுத் துணைக்கு இங்கே ஐந்தாறு பேர்தான், அவர்களும் கல்யாணம் ஆனதும் மாறிப் போகிறார்களாம். போன வருஷம் டெக்சாஸுக்குப் போய்விட்ட ஒரு தோழியும் இதையே வேறு மாதிரி சொன்னாள். அங்கே காய்கறிக் கடைக்குப் போனாலே நாலு பேர் தமிழில் பேசுகிறார்கள், பாட்டு வகுப்புக்கும் கோயிலுக்கும் பத்து நிமிஷம், ஆனால் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது, இன்னும் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என்றாள். இல்லை, இதைச் சொன்னவள் போன வருஷம் போனவள் இல்லை, அவளுக்கு முன்னால் போனவள். போகிறவர்கள் அவ்வளவு பேர், எனக்கே குழம்பிவிடுகிறது. ஒவ்வொரு குடும்பம் கிளம்பும்போதும் எங்கள் பேஸ்மென்ட்டில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு நாற்காலி காலியாகும். இப்போது ஏழு பிள்ளைகள்.

ஒரு கசப்பையும் மறைக்கக் கூடாது. சில வருஷத்துக்கு முன் ஒரு கடை பார்க்கிங்கில், பிக்-அப் வண்டியிலிருந்து ஒருவன் "உன் நாட்டுக்குப் போ" என்று கத்திவிட்டுப் போனான். பையன் பக்கத்தில் இருந்தான். "அம்மா, எனக்கு இதுதானே நாடு" என்று கேட்டான். பதினேழு வருஷத்தில் அந்த ஒரு முறைதான். ஒரு முறையே போதுமானதாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படிப்பு முடித்த விசாவில், குட்டி படித்த படிப்புக்கு மூன்று வருஷம் வேலை பார்க்கலாம். அதற்குள் வேலை விசாவுக்கு நடக்கும் லாட்டரியில் பெயர் விழ வேண்டும். விழுந்த பிறகும், வேலை போனால் அறுபது நாளுக்குள் அடுத்த வேலை தேட வேண்டும். டாலஸில் அதே வீட்டில் இருந்துகொண்டே தேடலாம். இங்கே அவள் படிப்புக்கு ஏற்ற பெரிய கம்பெனி என்று கை நீட்டிக் காட்ட ஒன்றுதான் இருக்கிறது. வேலை போனால் அநேகமாக ஊரையே மாற்ற வேண்டிவரும். இந்த ஒன்றை அவளிடம் கட்டாயம் சொல்.

சம்பளத்தை மட்டும் பார்த்தால் டாலஸ்தான் என்பாய். ஆனால் பத்து வயதில் உங்கள் வீட்டு டிவிஎஸ் ஃபிப்டியைப் பிரித்துப் போட்டு உன்னிடம் அடி வாங்கியவள் அவள். இஞ்சின்மேல் உள்ள ஆசை இன்னும் அப்படியே இருந்தால், இங்கே அவள் கற்றுக்கொள்வது வேறு. எனக்கு இந்த ஊர்மேல் பிரியம் உண்டு, ஒளிக்கவில்லை. ஆனால் இது, சாயங்காலம் வீட்டில் யாராவது காத்திருப்பவர்களுக்கு நல்ல ஊர். தனியாக வருகிறவளை முதல் குளிர்காலத்தில் சோதித்துவிடும். நான் ஜன்னலில் நின்ற மாதிரி அவள் நிற்கக் கூடாது.

அதனால் இப்படிச் செய். முடிவை நீ எடுக்காதே, நானும் எடுக்கவில்லை. கம்பெனியிடம் பதில் சொல்ல எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள். குட்டி இந்த மாதம் வந்து பார்க்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். இப்போது பிரவுன் கவுண்டி மலைப்பக்கம் மரமெல்லாம் சிவந்து கிடக்கிறது, யார் வந்தாலும் மயங்கிவிடுவார்கள். முடியுமானால் ஜனவரியில் ஒரு வாரக் கடைசிக்கு வரட்டும். அந்த மதுரைப் பையனோடும் பக்கத்து வீட்டுத் தாத்தாவோடும் நேரில் பேசட்டும். வந்துவிடுவது என்று முடிவானால், முதல் குளிர்காலம் முடியும் வரை எங்கள் மாடி அறைதான் அவளுக்கு. வாடகை என்று பேச்சை எடுத்தாயானால் கோபித்துக்கொள்வேன். பையன் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போய்விடுவான், வீடு வெறிச்சென்று ஆகிவிடும். எனக்கும் துணை. கார் ஓட்ட நானே சொல்லிக்கொடுக்கிறேன், முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவள் பொறுமையாகச் சொல்லித்தருவேன்.

அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் என்ன ஆயிற்று? மாடிப்படி ஏறுகிறார்களா? அதை நீ சொல்லவே இல்லை. அடுத்த மெசேஜில் முதலில் அதைச் சொல்.

உன் ஹாஸ்டல் அறைத்தோழி